பதினொரு ஊதாச் சீட்டுகள்

அந்தப் பதினொரு சீட்டுகளிலும் இருப்பது என் கையெழுத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியை மற்றவர்கள் தலையில் போட்டுவிட்டு நான் நழுவப் பார்ப்பதாக யாரும் பிறகு நினைக்க வேண்டாம்.

என் பெயர் ராதியா. சாஹில் கடற்கரையில் ஒரு சின்ன ஊரின் அரசு மருத்துவமனையில், அவசரப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். வாசலில் நுழைகிறவர்களை முதலில் பார்த்து, யார் உடனே உள்ளே போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரித்து அனுப்புகிற மேசை என்னுடையது. போன அக்டோபரில் அந்த மேசைமேல் ஒரு திரை வந்து உட்கார்ந்தது. அதன் உச்சியில் கேமரா, கீழே மைக். நோயாளியின் குரல், மூச்சு, முகம், நான் பதிகிற நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அரை நிமிடத்தில் ஒரு நிறம் காட்டும், அதே நிறத்தில் நான் கையெழுத்துப் போட ஒரு சீட்டும் அச்சாகி வரும். ஊதா என்றால் மனநலப் பிரச்சினை. செயற்கை நுண்ணறிவில் நாட்டுக்கே நாம்தான் முன்னோடி என்று எங்கள் மருத்துவமனை இயக்குநர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். நாங்கள் அதற்கு லல்லா என்று பெயர் வைத்தோம். பெரிய வீட்டு அம்மாக்களை அப்படித்தான் அழைப்போம். "லல்லாவுக்கு இன்னைக்கு மூடு எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் வேலையில் உட்காருவோம்.

நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நவம்பரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருமலென்று வந்தார். லல்லா ஊதா காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பிரிவு டாக்டர் ஸிஹாம் மட்டும் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் முக்கால் மணி நேரம் பேசினாள். பேச்சின் முடிவில் அவர் கோட்டுப் பையிலிருந்து நான்கு அட்டை தூக்க மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாராம். மனைவி இறந்துபோய் ஆறு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த மனிதரைக் காப்பாற்றியது ஸிஹாமின் முக்கால் மணி நேரம். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெருமை முழுவதும் திரைக்குப் போனது. டிசம்பரில் இயக்குநர் ஒரு விதி போட்டார். ஊதா வந்தவருக்கு ரத்தப் பரிசோதனையோ இதயப் படமோ எடுப்பதானால் பிரிவுத் தலைவரின் அனுமதி வேண்டும். மற்றபடி அவரை நேராக அமைதி அறைக்கு அனுப்பிவிட வேண்டும். அமைதி அறை முன்பு நாங்கள் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம். பீச் நிறத்தில் சுவர் பூசி, நான்கு சோபா போட்டு, ஒலிபெருக்கியில் பறவைக் குரல்களை ஓடவிட்டார்கள். மனநல ஆலோசகர் வருவது திங்களும் வியாழனும் மட்டும். மற்ற நாள்களில் ஊதாக்காரர்கள் அந்தப் பறவைகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. ஹாலில் அறுபது பேர் நிற்கும்போது ஓர் ஊதா வந்தால் ஒரு ஆள் குறைவு. குழாயில் ரத்தம் எடுக்க வேண்டாம், படுக்கை தேட வேண்டாம். ஊதா வந்தால் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வரும். அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் வாயில் கசக்கிறது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மோக்னின் சாலையிலிருக்கிற தையல் ஃபாக்டரியின் வேன் வந்து நின்றது. வெளியே எலும்பைக் குத்துகிற ஈரக்குளிர். வேனிலிருந்து வேலைக்கோட்டோடு பதினொரு பெண்கள் இறங்கினார்கள். சிலர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி வாசற்படியிலேயே வாந்தி எடுத்தாள். கூட வந்தவன் மேற்பார்வையாளன் நஜீப். அவனுக்கு முன்னால் அவன் பூசியிருந்த சென்ட் உள்ளே வந்தது.

"ஒருத்தி மயங்கி விழுந்தா மேடம், அதப் பாத்து மத்ததுங்களும் விழ ஆரம்பிச்சிடுச்சு. பொம்பளைங்க சமாச்சாரம், ஒங்களுக்குத் தெரியாததா?" என்றான் நஜீப்.

"நீ வாய மூடு" என்றாள் முதலில் வந்து நாற்காலியில் விழுந்தவள். அவள் ஹயாத், அந்தத் தையல் வரிசைக்குத் தலைவி, முப்பத்தைந்து வயதிருக்கும். "அக்கா, தலை வெடிக்குது. காலு என்னோடதே இல்லாத மாதிரி இருக்கு. நெஞ்சு வேற இந்த அடி அடிக்குது."

விரலில் கிளிப்பை மாட்டினேன். ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்பது. நாடி நூற்றிருபது. மூச்சு இரைத்தது. கண்ணில் நீர். லல்லா யோசிக்கக்கூட இல்லை. ஊதா.

அடுத்தவள், ஊதா. அதற்கடுத்தவள் அழுதுகொண்டே "எங்கம்மாகிட்ட சொல்லுங்க, எங்கம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். ஊதா. எல்லோருக்கும் ஆக்ஸிஜன் அழகாக இருந்தது, எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது, எல்லோரும் பயந்திருந்தார்கள். நான் சீட்டைக் கிழித்து, கையெழுத்துப் போட்டு, நீட்டிக்கொண்டே இருந்தேன். ஏழாவது சீட்டுக்கு அப்புறம் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

கடைசியாக வந்தவள் மப்ரூக்கா. ஏழு மாத வயிறு. அவள் அழவும் இல்லை, படபடக்கவும் இல்லை. மேசையில் தலையைச் சாய்க்கப் பார்த்தாள்.

"ஒனக்கு என்ன பண்ணுது?"

"தூக்கம் வருது அக்கா. ரொம்பத் தூக்கமா வருது."

லல்லா அவளுக்கும் ஊதா காட்டியது. மனச்சோர்வு, உணர்ச்சி மரத்த நிலை என்று கீழே ஒரு வரி ஓடியது. அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

பிரிவுத் தலைவர் டாக்டர் லஸ்அத் காபிக் கோப்பையோடு வந்து திரையைப் பார்த்தார். பதினொரு ஊதாவும் வரிசையாக நின்றன. அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தியா ராதியா? கூட்டு ஹிஸ்டீரியா. புத்தகத்துல படிச்சது, நேர்ல இப்பத்தான் பாக்குறேன். எல்லாரையும் அமைதி ரூம்ல போடு. தனித்தனியா உக்கார வை, ஒருத்திய ஒருத்தி பாத்தாத்தான் அழுவாங்க."

"கர்ப்பிணி ஒருத்தி இருக்கா டாக்டர்."

"கர்ப்பிணிங்களுக்குத்தான் முதல்ல வரும்."

நான்கு சோபாவில் பதினொரு பேரை எப்படித் தனித்தனியாக உட்கார வைப்பது? பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தினோம். பறவைகள் கூவின.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். வாந்தி நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகை நின்றிருந்தது. ஹயாத் சுவரோரம் கையால் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாங்க நடிக்கிறோம்னு நெனைக்கிறீங்களா?"

"யாரும் அப்பிடி நெனைக்கலம்மா. பயத்துல இப்பிடி வரும்."

"எதப் பாத்து பயம்? காலையில சிரிச்சுக்கிட்டு பட்டன் தச்சுக்கிட்டு இருந்தோம். எனக்கு என்ன பயம்? என் மாமியாருக்கே பயப்படாதவ நான்."

தரையில் கிடந்த ஒருத்தி அந்த நிலையிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை உலுக்கியது. பயந்து போனவள் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. நஜீப் மட்டும் எப்படித் தெம்பாக நிற்கிறான்?

"ஃபாக்டரில நஜீப் எங்க உக்காருவான்?" என்று கேட்டேன்.

"மேல, கண்ணாடி ரூம்ல. ஜன்னல் இருக்கிற ஒரே ரூம் அதுதான்."

"கீழ அடுப்பு கிடுப்பு வெச்சிருக்கீங்களா?"

"அடுப்பெல்லாம் இல்ல. ஜெனரேட்டர்தான். சத்தம் தாங்கலன்னு பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸ்ல சொல்லிட்டாங்க. நேத்து சாயங்காலம் அத உள்ள துணி கொடவுனுக்குக் கொண்டாந்துட்டாங்க. குளிருக்கு எல்லாக் கதவும் சாத்தியாச்சு."

வாளி கையிலிருந்து நழுவியது. எங்கள் ஊரில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய குடும்பம் ஒன்றாவது எழுந்திருக்காமல் போகும். அந்த விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. நர்ஸிங் படிப்பின் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் இது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால் விரல் கிளிப் ஏமாந்துபோகும், விஷத்தை ஆக்ஸிஜன் என்று நினைத்துத் தொண்ணூற்றொன்பது காட்டும். பத்தொன்பது வருட நர்ஸுக்குத் தெரிந்த இந்த விஷயம் அன்று காலையில் எங்கே போயிருந்தது? லல்லா நிறம் காட்டியது, நான் யோசிப்பதை நிறுத்தியிருந்தேன். அவ்வளவுதான்.

ஓடினேன். டாக்டர் லஸ்அத் தொலைபேசியில் இயக்குநரோடு பேசிக்கொண்டிருந்தார். பதினொரு பேர் என்றும், ஒரே நேரத்தில் என்றும், கட்டுரையாக எழுதலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அங்க ஜெனரேட்டர் உள்ள ஓடியிருக்கு. ரத்தத்துல வாயு பாக்கணும். அனுமதி குடுங்க."

தொலைபேசியை மார்பில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆக்ஸிஜன் எவ்வளவு?"

"கிளிப்ப நம்ப முடியாது டாக்டர், ஒங்களுக்குத் தெரியும்."

"பதினொரு பேருக்கும் கிளிப் பொய் சொல்லுது, சிஸ்டமும் பொய் சொல்லுது, ராதியா மட்டும் உண்மை. அப்படித்தானே? போம்மா, போய் தண்ணி குடி. அதுங்ககிட்டேருந்து ஒனக்கும் தொத்திக்கிச்சு."

வரவேற்பு மேசை வழியாகத் திரும்பினேன். நஜீப் அங்கே நின்று பதினொரு சீட்டுகளுக்கும் நகல் எடுத்துக்கொண்டிருந்தான். வரவேற்பில் இருந்தவன் முத்திரை குத்திக் கொடுத்தான். "இது மனசு சம்பந்தப்பட்டதுன்னு தெளிவா போட்டிருக்குல்ல?" என்று நஜீப் கேட்டுக்கொண்டிருந்தான். "வேலையில வந்த பாதிப்பு இல்லேன்னு ஆயிடும்ல? நஷ்டஈடு கேக்க முடியாதுல்ல?" என் கையெழுத்துகளை அடுக்கித் தட்டிச் சமன்செய்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டான். என்னைப் பார்த்துச் சிரித்து, "நன்றி மேடம்" என்றான்.

ஊதாக்காரர்கள் பெயரில் பரிசோதனை கேட்டால் கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும். ஆனால் ஊழியர்கள் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அமைதி அறைக்குத் திரும்பி, ஹயாத்தின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். குழாயில் என் பெயரை எழுதினேன். ஆய்வகத்தில் இருந்த தவ்ஃபீக்கிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நிமிடத்தில் அவன் தொலைபேசியில் கத்தினான்.

"ராதியா! நீ எங்க இருக்க? நின்னுக்கிட்டா இருக்க?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு."

"இருபத்தி நாலு சதவீதம் மோனாக்சைடுடி! கீழ படுத்துக்க! வீட்ல ஜன்னல தொறந்தியா? யாராவது ஆக்ஸிஜன் வெக்க இருக்காங்களா?"

"என் ரத்தம் இல்ல தவ்ஃபீக். தையல் ஃபாக்டரிப் பொண்ணோடது, அதே மாதிரி மொத்தம் பதினொரு பேரு. ரிசல்ட்டத் தாள்ல அடிச்சு எடுத்துக்கிட்டு ஓடி வா."

டாக்டர் ஸிஹாம் விபத்துக் கேஸ் ஒன்றில் ரத்தக் கையுறையோடு நின்றிருந்தாள். தாளைக் காட்டினேன். படித்தாள், கையுறையைக் கழற்றி எறிந்தாள். லஸ்அத்தைக் கேட்கவே இல்லை. "எல்லாருக்கும் மாஸ்க், முழு ஆக்ஸிஜன். சிலிண்டர் பத்தலைன்னா அறுவை சிகிச்சைப் பிரிவுல இருந்து புடுங்கிட்டு வாங்க. கர்ப்பிணி எங்க?"

மப்ரூக்கா சோபாவுக்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்தாள். மற்றவர்கள் அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று ஒரு வேலைக்கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். "நல்லாத் தூங்குறா அக்கா, எழுப்பாதீங்க" என்றாள் ஒரு பெண். ஸிஹாம் கன்னத்தில் தட்டினாள். பதில் இல்லை. வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள். பறவைகள் இன்னமும் கூவிக்கொண்டிருந்தன. "அந்தச் சனியன நிறுத்துங்க, எனக்குக் கேக்கல!" என்று கத்தினாள். ஊழியன் ஒருவன் வயரைப் பிடுங்கினான். அப்போதும் அவளுக்குக் கேட்கவில்லை.

பத்துப் பேர் இரண்டு நாளில் வீட்டுக்குப் போனார்கள். மப்ரூக்காவைத் தலைநகருக்கு அனுப்பினார்கள், அழுத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றுகிற அறை அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் நாள் கண் விழித்தாள். குழந்தை அதற்கு முன்பே போய்விட்டது. ஆண் குழந்தை. முதல் மேசையில் அவள் தலையைச் சாய்த்தபோதே மாஸ்க் மாட்டியிருந்தால் பிழைத்திருக்குமா என்று ஸிஹாமிடம் கேட்டேன். "தெரியல" என்றாள். "பிழைச்சிருக்கலாம். தெரியல." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இயக்குநர் அறையில் கூட்டம் போட்டார்கள். நடுவே ஒரு தட்டு நிறைய மக்ரூத், பேரீச்சை வைத்துப் பொரித்துத் தேனில் தோய்த்த இனிப்பு, எண்ணெய் மின்னியது. லல்லாவை விற்ற நிறுவனத்திலிருந்து இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் வந்திருந்தார்.

"ஒரு விஷயத்தத் தெளிவா புரிஞ்சுக்கணும்" என்றார் அவர். "சிஸ்டம் தப்பு பண்ணல. அந்தப் பொண்ணுங்க நிஜமாவே பதட்டத்துலதான் இருந்தாங்க. பதட்டத்தக் கண்டுபிடிக்கிறதுதான் அதோட வேலை. கண்டுபிடிச்சது. அதுக்கு மேல முடிவெடுக்குறது மனுஷங்க."

"ரொம்பச் சரி" என்றார் இயக்குநர், வாயில் மக்ரூத்தோடு.

"இன்னொன்னு மேடம்" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பதினொரு பேரோட ரெக்கார்டிங் இருக்கே, எங்களுக்கு அது தங்கம் மாதிரி. விஷவாயு கேஸ் எங்ககிட்ட ஒன்னுகூட இல்ல. நீங்க ஒரு நாள் உக்காந்து, யாரு எந்த நிலையில இருந்தாங்கன்னு குறிச்சுக் குடுத்தா அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்."

"பன்னெண்டு பேரு" என்றேன்.

"என்ன?"

"வந்தது பன்னெண்டு பேரு. ஒருத்தரு வயித்துக்குள்ள இருந்தாரு. அவரு ரெக்கார்டிங்கும் ஒங்களுக்குத் தங்கம்தானா?"

டாக்டர் லஸ்அத் நாற்காலியில் சாய்ந்து, "பாத்து ராதியா, இப்ப ஒன்ன கேமராவுல காட்டுனா ஊதாதான் வரும்" என்றார். சிரித்தார்கள். இயக்குநர் சிரித்தார், சட்டைக்காரர் சிரித்தார், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸிஹாம் எழுந்து கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. தட்டிலிருந்து என் கை ஒரு மக்ரூத்தை எடுத்திருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். விரல்களில் தேன் ஒட்டியிருந்தது. அதைத் திரும்ப வைக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. கூட்டம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

என் மீதும் விசாரணை நடந்தது. வேறொருவர் ரத்தத்துக்கு என் பெயரை எழுதியது பொய் ஆவணம் என்றார்கள். எழுத்தில் கண்டித்து, முதல் மேசையிலிருந்து எடுத்து, புண்ணுக்குக் கட்டுப்போடுகிற அறைக்கு மாற்றினார்கள். தொழிலாளர் ஆய்வாளரிடம் நஜீப் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தான். மருத்துவமனையே மனப்பிரச்சினை என்று முத்திரை குத்தியிருக்கிறது என்றான். ஆய்வக அறிக்கை எதிராக இருந்ததே என்றால், அதிலிருந்த பெயர் ராதியா. ஹயாத் பெயர் எங்கும் இல்லை. மற்றவர்களுக்கு மாஸ்க் மாட்டியபின்தான் ரத்தம் எடுத்தார்கள், அதற்குள் விஷம் பாதி இறங்கியிருந்தது. ஆய்வாளர் கடைசியில் ஜெனரேட்டரை வெளியே எடுக்கச் சொன்னார், அபராதம் போட்டார். மூன்று வாரத்தில் ஃபாக்டரி திறந்தது. ஹயாத்தையும் இன்னும் மூன்று பேரையும் வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனவர்களின் மருத்துவக் கோப்பில் ஊதாக் குறி இருந்தது. அதை அழிக்க வழி இல்லை என்றார்கள்.

மார்ச் மாதம் மப்ரூக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் பஷீர் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவர். கதவைத் திறந்து, நான் யாரென்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மப்ரூக்கா காபி போட்டு, ஆரஞ்சுப்பூ வடிநீர் இரண்டு சொட்டு விட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கை லேசாக நடுங்கியது. விஷத்தின் மிச்சம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம்.

"ஒன்னு கேக்கணும் அக்கா. என்ன நெனச்சு என்ன அந்த ரூமுக்கு அனுப்புனீங்க?"

வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு வந்த பதில்கள் இருந்தன. விதி, கூட்டம், தலைவர் உத்தரவு.

"ஒன்னும் நெனைக்கலம்மா" என்றேன். "அதான் உண்மை. ஊதா வந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். ஒன் மூஞ்சியக்கூட நான் பாக்கல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத எழுதிக் குடுங்க" என்றாள். "இப்ப சொன்னீங்கள்ல, அப்பிடியே. ஒரு வார்த்த மாத்தாம."

நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மெஷின் காட்டியதை நம்பி, நோயாளியைப் பரிசோதிக்காமல், எதையும் சிந்திக்காமல் பதினொரு சீட்டுகளில் கையெழுத்திட்டேன் என்று. அவள் வாங்கி இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டு, கீழே தேதியும் போடச் சொன்னாள்.

பதினொரு பெண்களும் ஒரு மனு எழுதி, என் தாளை அதனோடு சேர்த்து, சுகாதாரத் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்பினார்கள். ஹயாத்தான் அலைந்தாள். ஜூலையில் பதில் வந்தது. ஒன்பது பேரின் கோப்பிலிருந்து ஊதாக் குறியை நீக்க உத்தரவு. இரண்டு பேரின் கோப்புகள் கிடைக்கவில்லையாம். மப்ரூக்காவின் குழந்தையைப் பற்றிய வழக்கு தனியாக நடக்கிறது. இரண்டு முறை தள்ளிவைத்திருக்கிறார்கள். சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, ஓய்வூதியத்துக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார். பதினொன்று என்றேன். நீதிமன்றத்துக்கு எந்தத் தேதியில் விடுப்பு வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பரில் குழந்தைகள் பிரிவுக்கும் ஒரு லல்லாவை வாங்கினார்கள். நாடா வெட்டுகிற விழாவுக்குக் கட்டுப்போடும் அறை ஆள்களையும் வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஒரு கிழவரின் காலில் சீழ் பிடித்த புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வெளியே கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ன விசேஷம் மகளே?" என்று கேட்டார் அவர்.

"ஒன்னுமில்ல" என்றேன். "கால நகத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் சீழ் இருக்கு."